முகம் தெரியாத மாணவர்களுக்கு எப்படிப்பட்ட துணைவேந்தர் வேண்டும்?

#1 கரும்பலகை (ஞாயிறு, இரவு 9:10)

கல்லூரியில் வணிகவியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டே பன்னிரண்டு ஆண்டுகள் ஒரு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் (தினமும் வளாகத்துக்கு வராமல் வீட்டிலிருந்தே படிப்பது) கல்வி மையத்துக்கு ஒருங்கிணைப்பாளராகவும் இருந்தேன். வாரநாளில் பதினெட்டு வயதுப் பிள்ளைகள் உட்காரும் அதே பெஞ்சில் ஞாயிற்றுக்கிழமை அவர்களின் அம்மா வயதில் இருப்பவர்கள் வந்து உட்காருவார்கள். காவலர், செவிலியர், மளிகைக்கடைக்காரர் என்று எல்லாரும் உண்டு. ஒருமுறை எனக்கே வாத்தியாராக இருந்தவர் எம்.ஏ. படிக்க வந்து, "குட் மார்னிங் சார்" என்று எழுந்து நின்றார். அன்றைக்கு எனக்குப் பாடமே ஓடவில்லை.

போன வாரம் ஒரு கல்யாணத்தில் பழைய சகா ஒருவர் கேட்டார்: "நல்ல ஆராய்ச்சிக்காரரைப் போய் தபால் படிப்புப் பல்கலைக்கழகத்துக்குத் துணைவேந்தராகப் போட்டால் வீண்தானே?" பந்தியில் பாயசம் வந்துவிட்டதால் பதில் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

வழக்கமான பல்கலைக்கழகத்தில் துணைவேந்தர் ஜன்னலைத் திறந்தால் மாணவர் கண்ணில் படுவார். கோபம் வந்தால் மாணவர்கள் வாசலில் உட்கார்ந்து கோஷம் போடுவார்கள். இங்கே கோபம் வந்தவர் சத்தமில்லாமல் அடுத்த ஆண்டுப் பணத்தைக் கட்டாமல் நின்றுவிடுவார். போராட்டம் இல்லாத வளாகம் என்று பெருமைப்படலாம், ஆனால் வளாகத்தில் ஆளே இல்லை! வராமல் போனவர் ஏன் வரவில்லை என்று தேடிப்போய்க் கேட்கத் தெரிந்தவர்தான் இந்த நாற்காலிக்குச் சரியானவர் என்பது என் கட்சி.

பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் துணைவேந்தர் வால்டர் பெர்ரி, எடின்பரோவில் மருந்தியல் பேராசிரியராக இருந்தவர். சமத்துவ லட்சியத்தைவிட, கற்பிக்கும் முறையைச் சீர்செய்யக் கிடைத்த வாய்ப்புத்தான் தன்னை இழுத்தது என்று வெளிப்படையாகவே சொன்ன மனிதர். 1969 ஏப்ரலில் அரச சாசனம் கிடைத்தது. 1971 ஜனவரியில் சுமார் 24,000 பேருக்குப் பாடம் தொடங்கியது. தொடங்கிய அதே மாதம் தபால் ஊழியர்கள் வேலைநிறுத்தம், ஏழு வாரம்! பிபிசி டிவியில் பாடம் வருகிறது என்று ஊரெல்லாம் பேசினாலும் உண்மையில் பாடம் போனது அச்சிட்ட புத்தகமாக, தபாலில். அந்த ஏழு வாரத்தில் பெர்ரிக்குப் பயன்பட்டது மருந்தியலா, மூட்டை கட்டி அனுப்புகிறவனின் மூளையா? இதுதான் என் கேள்வி. மற்றவர்கள் சொல்லுங்கள்.

#2 கேள்விக்குறி (ஞாயிறு, இரவு 9:32)

அப்படியென்றால் கூரியர் கம்பெனி மேலாளரைத் துணைவேந்தராகப் போட்டுவிடலாமே சார்.

#3 டபுள்டூட்டி (ஞாயிறு, இரவு 11:48)

கேலியாகச் சொன்னாலும் எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை.

நான் பஸ் கண்டக்டர். பி.ஏ. வரலாறு திறந்தநிலையில் படித்தேன், பெரும்பகுதி நைட் ஹால்ட்டில். கடைசி நடை முடிந்து பஸ்ஸை ஊர் மந்தையில் நிறுத்தியதும் டிரைவர் அண்ணன் தூங்கிவிடுவார். நான் முன்சீட்டில் உட்கார்ந்து உள்விளக்கில் படிப்பேன். பேட்டரி இறங்கிவிடும் என்று அவர் திட்டியதால் பிறகு செல்போன் வெளிச்சம். முகலாயர் வரி முறை முழுக்கக் கொசுக்கடியோடுதான் படித்தேன், அதனாலோ என்னவோ இன்னும் மறக்கவில்லை.

பாடம் கஷ்டமாக இல்லை. புத்தகம் நன்றாகவே இருந்தது, பக்கத்தில் ஆள் உட்கார்ந்து பேசுவதுபோல எழுதியிருப்பார்கள். என்னை வாட்டியது தேதிதான். டிப்போவில் லீவு வேண்டுமென்றால் பத்து நாள் முன்னால் எழுதிக்கொடுக்க வேண்டும். ஹால்டிக்கெட் வந்தது தேர்வுக்கு நான்கு நாள் முன்பு. இரண்டு தாள் அப்படியே போயிற்று. ஆறு மாதம் கழித்துத் திரும்பப் பணம் கட்டி எழுதினேன். எந்தப் பல்கலைக்கழகம் என்று சொல்லவில்லை, சொல்லி என்ன ஆகப்போகிறது.

எனக்கு வேண்டியது ஒன்றுதான் ஐயா. ஆண்டுத் தொடக்கத்திலேயே எந்த நாளில் எந்தத் தேர்வு என்று ஒரு காகிதம். அதைக் கொடுத்து, கொடுத்த சொல்லைக் காப்பாற்றுகிற துணைவேந்தர் யாராக இருந்தாலும் அவர் பெரிய ஆள்தான்.

#4 நூலகத்தெரு (திங்கள், காலை 7:05)

அரசுத் தணிக்கையில் முப்பது ஆண்டு இருந்தவன் என்ற முறையில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறேன், மன்னிக்கவும்.

கரும்பலகை சார் சொல்வதெல்லாம் சரி. ஆனால் துணைவேந்தர் கையில் என்ன இருக்கிறது? நம் ஊரில் தொலைநிலைப் படிப்பு வளர்ந்த கதையைப் பாருங்கள். 1962-ல் டெல்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. பிறகு ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஒரு பிரிவு ஆரம்பித்தது. வளாகம் வேண்டாம், விடுதி வேண்டாம், கட்டணம் மட்டும் வரும். கறவை மாடு மாதிரி. அதில் கறந்த பணம் வளாகத்துக் கட்டடத்துக்குப் போயிற்று. மாட்டுக்குத் தீவனம் வைத்தவர் குறைவு.

இன்னொன்று, நீங்கள் யாரும் தொடாத விஷயம்: சான்றிதழின் மதிப்பு. +2 இல்லாதவருக்கும் கதவைத் திறப்போம், பட்டமே இல்லாதவருக்கும் நேரடியாக எம்.ஏ. கொடுப்போம் என்று பலர் போனார்கள். 2009-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழக வழக்கில் உச்ச நீதிமன்றம், திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களும் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிக்குக் கட்டுப்பட்டவைதான், அடிப்படைப் பட்டம் இல்லாமல் வாங்கிய முதுநிலைப் பட்டம் செல்லாது என்றது. அதே ஆண்டு தமிழ்நாடு அரசும் 10, +2, அப்புறம் பட்டம் என்ற வரிசையில் படித்தால்தான் அரசுப் பணிக்குச் செல்லும் என்று ஆணை போட்டது. ஏற்கெனவே படித்து முடித்தவர்களின் நிலையை யோசியுங்கள். நுழைகிற வாசலைத் திறப்பது எளிது. படித்து முடித்து வெளியே போகிற வாசல் திறக்கிறதா என்று பார்ப்பதுதான் தலைவரின் முதல் வேலை. ஹால்டிக்கெட் எல்லாம் தேர்வாணையர் மட்டத்து விஷயம்.

#5 மூன்றாம்செமஸ்டர் (திங்கள், காலை 11:20)

நூலகத்தெரு ஐயா, ஹால்டிக்கெட் கீழ்மட்டத்து விஷயம் என்கிறீர்கள். எங்களைப் போன்றவர்களுக்குப் பல்கலைக்கழகம் என்பதே அதுதான். நான் துணைவேந்தரையும் பார்த்ததில்லை, கட்டடத்தையும் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்த பல்கலைக்கழகம் ஒரு புத்தகப் பார்சல், ஒரு ஹால்டிக்கெட், எடுக்காத ஒரு போன் நம்பர். இந்த மூன்றும் சரியாக இருந்தால் பல்கலைக்கழகம் நல்லது.

பி.காம். இரண்டாம் ஆண்டில் கல்யாணம், படிப்பு நின்றது. பதினாறு வருடம் கழித்து, பெரியவள் பத்தாவது போனதும், நானும் மறுபடி சேர்ந்தேன். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அப்பா இனிஷியல். ஆதாரில் கணவர் பெயர். விண்ணப்பம் திரும்பி வந்தது, "ஆவணங்களில் முரண்பாடு" என்று ஒரே வரி. என்ன முரண்பாடு, எதைக் கொடுத்தால் சரியாகும், ஒன்றும் இல்லை. தெரிந்துகொண்டு சரிசெய்வதற்குள் கடைசித் தேதி போய்விட்டது. ஒரு வருடம் வீண்.

கல்யாணமாகி இருபது வருடம் கழித்துப் பெண்கள் படிக்க வருவார்கள் என்று தெரிந்துதானே இதற்குத் திறந்தநிலை என்று பெயர் வைத்தார்கள்? அப்படி வருகிறவர்களில் எத்தனை பேருக்கு இனிஷியல் மாறியிருக்கும் என்று விண்ணப்பப் படிவம் தயாரித்தவருக்குத் தோன்றவே இல்லையா? அந்த அறையில் ஒரு பெண்கூட இல்லையா?

#6 கேள்விக்குறி (திங்கள், காலை 11:41)

சரி, கூரியர் மேலாளர் ஜோக்கை வாபஸ் வாங்குகிறேன் அக்கா.

#7 பனிமூட்டம் (திங்கள், இரவு 10:15)

நான் பிரிட்டனில் இருக்கிறேன். கரும்பலகை சார் சொன்ன அதே பல்கலைக்கழகத்தில் முப்பத்தைந்து வயதுக்கு மேல் கணிதம் படித்தேன், இப்போது அங்கேயே பகுதிநேரமாகச் சொல்லிக்கொடுக்கிறேன். பகலில் வேறு வேலை.

அங்கே பெரிய பேராசிரியர்கள் குழுவாக உட்கார்ந்து பாடம் எழுதுவார்கள். மாணவருக்குத் தெரிந்த முகம் என்னவோ என்னைப் போன்ற பகுதிநேர ஆசிரியர்தான். ஒப்படைப்பு (அசைன்மென்ட்) ஒவ்வொன்றையும் திருத்துகிறோம். மதிப்பெண் போடுவது பாதி வேலை. எங்கே வழுக்கியது, அடுத்து என்ன செய்யலாம் என்று ஓரத்தில் எழுதுவது மறுபாதி. முதல் ஒப்படைப்பு வரவில்லையென்றால் எங்களுக்கு வயிற்றைக் கலக்கும். முதலாவதைத் தவறவிட்டவர் பெரும்பாலும் திரும்ப வரமாட்டார். அதனால் அதற்கு முன்பே அவரைத் தொடர்புகொண்டு பேசப் பார்க்கிறோம். "மாமியாருக்கு உடம்பு சரியில்லை, ஒரு வாரம் தள்ளிக் கொடுக்கலாமா?" என்று கேட்கக் கூச்சப்பட்டே படிப்பை விட்டவர்கள் உண்டு. கேட்டிருந்தால் கொடுத்திருப்போம்.

ஆனால் நூலகத்தெரு ஐயா சொல்வதும் பொய் இல்லை. தலைவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் மேலே இருந்து ஒரு முடிவு வந்தால் போச்சு. 2012-ல் இங்கிலாந்தில் அரசு மானியத்தை வெட்டிக் கட்டணத்தை ஏற்றியது. இருபது வயதுப் பிள்ளை கடன் வாங்கிப் படிப்பான். வீட்டுக்கடன் ஒரு பக்கம், குழந்தைகள் ஒரு பக்கம் என்று இருக்கிற நாற்பது வயதுக்காரர் வாங்குவாரா? இங்கிலாந்தில் பகுதிநேரமாக இளநிலை படிக்கிறவர் எண்ணிக்கை சில ஆண்டுகளில் பாதிக்கும் கீழே போய்விட்டது. ஸ்காட்லாந்தில் குறைந்த வருமானக்காரருக்குக் கட்டண உதவி இருந்ததால் அந்த அளவுக்கு அடி விழவில்லை. பல்கலைக்கழகம் ஒன்றே, பாடமும் ஒன்றே.

#8 நூலகத்தெரு (செவ்வாய், காலை 6:50)

பார்த்தீர்களா. அதைத்தான் சொன்னேன். நிதி அமைச்சகம் முடிவு செய்கிறது, துணைவேந்தர் கையெழுத்துப் போடுகிறார்.

#9 பனிமூட்டம் (செவ்வாய், மாலை 6:30)

முழுக்க அப்படி விட்டுவிட முடியாது ஐயா. அந்த நெருக்கடியில் வந்தவர் பீட்டர் ஹாரக்ஸ், பிபிசி உலக சேவையை நடத்தியவர், 2015-ல் பொறுப்பேற்றார். அதே ஆண்டு இங்கிலாந்தில் இருந்த ஒன்பது மண்டல மையங்களில் ஏழு மையங்களை மூட முடிவானது. பிறகு சுமார் 42 கோடி பவுண்டு பட்ஜெட்டில் 10 கோடியைக் குறைக்கும் திட்டம் வந்தது. எல்லாவற்றையும் டிஜிட்டல் ஆக்கப்போகிறோம் என்றார். அதில் தப்பில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன், சில ஆண்டிலேயே கொரோனா வந்து உலகமே அந்தப் பக்கம் போயிற்று. ஆனால் 2018-ல் ஒரு கூட்டத்தில், எங்கள் பேராசிரியர்கள் பல ஆண்டுகளாகக் கற்பிக்காமலே தப்பித்து வந்திருக்கிறார்கள் என்ற பொருளில் வாய்விட்டார். பாடம் எழுதுவதும் கற்பித்தல்தான் என்பதே அந்தப் பல்கலைக்கழகத்தின் அஸ்திவாரம். அதைப் போய் அதன் தலைவரே வேலை இல்லை என்றால்? மன்னிப்புக் கேட்டார், ஆனால் ஆசிரியர் சங்கம் நம்பிக்கையில்லாத் தீர்மானம் போட்டது, ஏப்ரலில் விலகினார்.

பணம் இல்லாதது அவர் குற்றமில்லை. வீட்டில் அரிசி இல்லாத நாளில் சமைக்கிறவளைக் குறைசொன்னது அவர் குற்றம்.

#10 சுன்னாகம்சந்தி (செவ்வாய், இரவு 8:55)

வணக்கம். நான் யாழ்ப்பாணம். இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தில் படித்தனான். 1980-ல் தொடங்கினது, தலைமையகம் கொழும்புப் பக்கம் நாவலயில், எங்களுக்கு யாழ்ப்பாணத்திலேயே பிராந்திய நிலையம் இருக்கு. உயர்தரம் (ஏ.எல்., உங்கட +2 மாதிரி) எடுக்காதவரும் அடிப்படைக் கற்கை முடித்துவிட்டுப் பட்டப்படிப்புக்குப் போகலாம். நூலகத்தெரு ஐயா கேட்ட கேள்விக்கு இது ஒரு விடை என்று நினைக்கிறன். தகுதி இல்லாதவரை உள்ளே விடாமல் நிறுத்தவும் இல்லை, தகுதி இல்லாமல் பட்டம் குடுக்கவும் இல்லை. இடையில் ஒரு படி கட்டி வைச்சிருக்கு, ஏறுகிறவர் ஏறட்டும்.

2006-ல் சண்டையால யாழ்ப்பாணத்துக்கு வாற ஏ9 பாதை பூட்டினாப்பிறகு எங்கள் பக்கம் கப்பலிலும் பிளேனிலும் வந்ததுதான் எல்லாம், மாவும் மருந்தும் உட்பட. அந்த நேரத்தில் படிச்சுக்கொண்டிருந்த ஆக்கள் ஒரு பாடப்புத்தகத்தை நாலு பேர் பங்குபோட்டுப் படிச்சவை. ஒருத்தருக்குக் காலமை, இன்னொருத்தருக்குப் பின்னேரம். இங்கே நீங்கள் அசைன்மென்ட் என்று சொல்லுறதை நாங்கள் ஒப்படை என்போம். அந்த ஒப்படை எழுதுறதுக்காகவே ஆக்கள் ஒண்டாய்ச் சேர்ந்து இருந்தவை, வெளியில ஊரடங்கு. எனக்கு அந்த நாளில் படிப்பைவிட அந்த மேசை பெரிசாய்த் தெரிந்தது.

#11 கரும்பலகை (புதன், காலை 5:40)

சுன்னாகம்சந்தி, நீங்கள் சொன்ன படி நம் ஊரிலும் உண்டு. இக்னோவில் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) +2 இல்லாதவருக்கு ஆயத்தப் படிப்பு ஒன்று இருக்கிறது. 1982-ல் தொடங்கிய ஆந்திரப் பிரதேசத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் (இப்போது அம்பேத்கர் பெயரில் இருப்பது) பள்ளிச் சான்று இல்லாதவருக்குத் தகுதித் தேர்வு வைத்துச் சேர்த்தது. அதன் முதல் துணைவேந்தர் ஜி. ராம் ரெட்டி. இவரைப் பற்றி எழுதத்தான் இவ்வளவு நேரம் காத்திருந்தேன்.

அரசியல் அறிவியல்காரர். ஹைதராபாத் உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் துணைவேந்தராக இருந்துவிட்டு, ஒன்றுமே இல்லாத இடத்துக்கு வந்தார். இன்றைக்கு யாராவது அப்படிப் போவார்களா என்று யோசியுங்கள். 1985-ல் இக்னோ தொடங்கியபோது அங்கேயும் அவரே முதல் துணைவேந்தர். 1987-ல் முதல் மாணவர்களைச் சேர்த்தபோது பி.ஏ., பி.காம். என்று ஆரம்பிக்கவில்லை. இரண்டே படிப்பு: மேலாண்மை டிப்ளமோ, தொலைநிலைக் கல்வி டிப்ளமோ. 4,528 பேர். இந்தத் தேர்வை நான் பல ஆண்டு யோசித்திருக்கிறேன். ஒன்று வேலையில் இருப்பவர்களுக்கு, அவர்கள் மூலம் பெயர் பரவும். இன்னொன்று இந்தத் தொழிலுக்கே ஆள் தயார்செய்ய. நான்காயிரம் பேரோடு தவறு செய்து கற்றுக்கொள்ளலாம், நான்கு லட்சம் பேரோடு முடியாது. அவர் மனதில் அதுதான் இருந்ததா, எனக்குத் தோன்றுவதா, தெரியாது. ஆனால் அவசரப்படாத மனிதர் என்பது தெரிகிறது. சேர்க்கை எண்ணிக்கையைப் பேப்பரில் விளம்பரம் போடும் தலைவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த 4,528 ஞாபகம் வரும்.

பிறகு அவரே யுஜிசி தலைவரானார். நூலகத்தெரு சார், தபால் படிப்பை நடத்தியவர் வளாகப் படிப்புக்கெல்லாம் விதி போடும் நாற்காலியில் உட்கார்ந்தார். கையெழுத்து மட்டும் போடுகிறவர் அவ்வளவு தூரம் போக முடியுமா?

#12 நூலகத்தெரு (புதன், காலை 7:15)

ராம் ரெட்டி விஷயத்தில் தலைவணங்குகிறேன். ஆனால் ஒருவரைக் காட்டிவிட்டு எல்லாரும் அப்படி என்று சொல்ல வேண்டாம்.

#13 விடைத்தாள்கட்டு (புதன், மதியம் 1:30)

ரொம்ப நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். தேர்வுப் பிரிவில் உதவியாளராக இருந்தவன், எந்த ஊர் என்று கேட்காதீர்கள்.

டபுள்டூட்டி தம்பிக்கு ஹால்டிக்கெட் ஏன் தாமதமானது என்று சொல்கிறேன். தேர்வு மையம் முடிவானால்தான் ஹால்டிக்கெட் அச்சிட முடியும். மையம் என்பது எங்கள் கட்டடம் இல்லை, ஏதோ ஒரு கல்லூரி. அந்தக் கல்லூரிக்குத் தன் சொந்தத் தேர்வு முடிந்தால்தான் எங்களுக்கு இடம். அவர்கள் தேர்வு ஒரு வாரம் தள்ளினால் எங்கள் ஆயிரக்கணக்கான பேர் தள்ள வேண்டியதுதான். விடைத்தாளும் அப்படியே. திருத்துகிறவர்கள் எல்லாம் வேறு கல்லூரி ஆசிரியர்கள். முகாமுக்கு எண்பது பேரைக் கூப்பிட்டால் முப்பது பேர் வருவார்கள். இரவல் இடம், இரவல் ஆள். குற்றம் சொல்லவில்லை, இப்படித்தான் இந்த வண்டி ஓடுகிறது. ஆகவே துணைவேந்தருக்கு வேண்டிய திறமை மற்ற கல்லூரி முதல்வர்களிடம் போய்ப் பேசி நாள் வாங்கும் திறமை. ஆராய்ச்சிக் கட்டுரை எண்ணிக்கை அதற்கு உதவாது, அதுவும் உண்மை.

எங்களிடம் ஒருவர் இருந்தார். மாதம் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் எங்கள் பிரிவுக்கு வருவார். குறைதீர் கடிதக் கட்டிலிருந்து இருபது கடிதத்தை உருவி, அங்கேயே உட்கார்ந்து படிப்பார். ஒரு அம்மா நான்கு தடவை எழுதியிருந்த கடிதத்தை எங்கள் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினார். திட்டவில்லை. "அஞ்சாவது கடிதம் எழுத அந்தம்மாவுக்குத் தெம்பு இருக்குமா?" என்று மட்டும் கேட்டார். அவர் இருந்த மூன்று வருடமும் கட்டு சின்னதாகவே இருந்தது. அவர் போன மறு மாதம் கட்டும் பழையபடி, நாங்களும் பழையபடி.

#14 மூன்றாம்செமஸ்டர் (புதன், மதியம் 2:05)

உங்களைப் போன்ற அலுவலகக்காரர்களை இரண்டு நாளாக மனதில் திட்டிக்கொண்டிருந்தேன் அண்ணா. பாதியை வாபஸ் வாங்குகிறேன்.

மீதிப் பாதி இதற்கு: அவர் போனதும் ஏன் பழையபடி ஆனது? இருபது கடிதம் படிப்பது அவருடைய நல்ல மனசாக இருந்தது, அலுவலக விதியாக இல்லை. அவர் அதை எழுதி வைத்துவிட்டுப் போயிருக்க வேண்டாமா?

#15 விடைத்தாள்கட்டு (புதன், மதியம் 2:40)

போயிருக்க வேண்டும். சுற்றறிக்கை போடலாம் சார் என்று நானே சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

#16 பனிமூட்டம் (புதன், இரவு 11:20)

மூன்றாம்செமஸ்டர் பிடித்த இடம் சரியான இடம். முதல் ஒப்படைப்பு வருமுன் மாணவரைத் தொடர்புகொள்வது எங்களுக்கு இரக்கம் இல்லை, சம்பளத்தில் சேர்ந்த வேலை. எனக்கு மனசு சரியில்லாத வாரத்திலும் அழைத்தாக வேண்டும். பெர்ரி 1981 வரை இருந்தார், போய் இத்தனை ஆண்டாகியும் அந்த அமைப்பு பெரும்பாலும் ஓடுகிறது. அவர் முகத்தைப் படத்தில் பார்த்ததோடு சரி.

#17 டபுள்டூட்டி (வியாழன், இரவு 12:10)

நைட் ஹால்ட்டிலிருந்து எழுதுகிறேன். விடைத்தாள்கட்டு அண்ணன் சொன்னதைப் படித்தபோது, எங்கள் டைம்கீப்பர் மேல் பயணிகள் எரிந்துவிழுவது ஞாபகம் வந்தது. வண்டி வராததற்கு அவர் என்ன செய்வார்.

விஷயத்துக்கு வருகிறேன். என் வீட்டில் அவளும் சேர வேண்டும் என்கிறாள், பி.ஏ. தமிழ். +2 முடித்திருக்கிறாள். அவளுக்கும் அதே இனிஷியல் சிக்கல்தான், பள்ளியில் 'எம்', ஆதாரில் என் 'கே'. மூன்றாம்செமஸ்டர் அக்கா, நீங்கள் கடைசியில் எதைக் கொடுத்தீர்கள்?

#18 மூன்றாம்செமஸ்டர் (வியாழன், காலை 9:45)

தம்பி, திருமணப் பதிவுச் சான்று நகல் ஒன்று, இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று நோட்டரி கையெழுத்திட்ட உறுதிமொழிப் பத்திரம் ஒன்று. எனக்கு இந்த இரண்டும் போதுமானதாக இருந்தது. விண்ணப்பத்தில் பெயரைப் பள்ளிச் சான்றிதழில் உள்ளபடியே போடச் சொல்லுங்கள், ஆதாரில் உள்ளபடி வேண்டாம். திருமணம் பதிவு செய்யவில்லை என்றால் இந்த வாரமே போய்க் கேளுங்கள், அதற்குத்தான் நாளாகும்.

அனுப்புமுன் ஆங்கில எழுத்தை ஒவ்வொன்றாக அவளை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். என் பெயரில் ஒரு 'எச்' கூடிப்போய், அது இன்னும் மதிப்பெண் பட்டியலில் அப்படியே இருக்கிறது.